சன்னம் என்னுடையது, டேக் அவனுடையது

வேட்டைக்காரனிடம் அவனுடைய சாமான்களைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் விடமாட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு துவக்குப் பிடிக்கக் கற்றவன். ஆகவே மற்றவர்களைவிட மோசம். பாலங்களில் எங்கே வெடிப்பு, எங்கே துரு என்று பார்க்கும் பொறியியலாளனாக என் உத்தியோக காலம் இந்த நாட்டில் கழிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. மனைவி கோவிலில், பிள்ளைகள் சிட்னியில், நான் கராஜில். அங்கே ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் மூன்று துவக்குகள். பக்கத்து மேசையில் செம்மஞ்சள் மேலங்கி, தூரக்கண்ணாடி, தோலுரிக்கும் கத்தி, எலும்பு அரியும் சிறு வாள், இறைச்சி போடும் பருத்திப் பைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

இப்போது அந்தப் பெட்டி காலி. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. இதை நான் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் பெரும்பங்கு என்மீது. முழுவதும் என்மீது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

மெல்பேர்னிலிருந்து கிழக்கே, கிப்ஸ்லாந்துக் கரையோரத்தில் பன்றிமான் உண்டு. குட்டைக் கால்கள். பயந்தால் மற்ற மான்களைப் போலத் துள்ளாது. தலையைத் தாழ்த்திக்கொண்டு பன்றியைப் போலப் பற்றைக்குள் புகுந்து ஓடும். ஏப்ரல் மாதத்தில் மட்டும் அதைச் சுடலாம். ஓர் ஆளுக்கு ஓர் ஆண், ஒரு பெண். அவ்வளவுதான். அதற்காக ஆளுக்கு இரண்டு டேக் அனுப்புவார்கள். எண் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை. மான் விழுந்ததும், சுட்டவனே அந்த இடத்திலேயே அதன் பின்னங்காலில், நரம்புக்கும் எலும்புக்கும் இடையில் கோத்துப் பூட்ட வேண்டும். பூட்டினால் வெட்டாமல் கழற்ற முடியாது. பிறகு மானை வேட்டைத் துறையின் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சட்டம் எனக்கு வரிக்கு வரி தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

என்னோடு வேட்டைக்கு வந்தவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாற்பது கடந்தவன். மெல்பேர்ன் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் ஓர் அறையில் இருந்தான். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. அகதியாக வள்ளத்தில் வந்து இறங்கியவன். தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காக இழுபட்டு, கடைசியில் நிரந்தர விசா கிடைத்ததும் அவன் செய்த முதல் காரியம், வவுனியாவிலிருக்கும் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்தது. கல்யாணம் செய்து சில மாதங்களில் பிரிந்தவர்கள். அதன் பிறகு அவர்களுடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் தொலைபேசியில்தான் நடந்தது.

அவன் துவக்கைத் தொடமாட்டான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்க் கையில் ஒன்றைத் திணித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள், இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடக் கூடாது என்று. அதனால் அவன் வில்லோடு வந்தான். கப்பிகள் வைத்த நவீன வில். அதற்குத் துவக்கு லைசன்ஸ் தேவையில்லை, வேட்டை லைசன்ஸ் போதும். அதில் வில்லுக்கு மட்டும் என்று குறித்துக் கொடுப்பார்கள்.

போகும் வழியில் காரில் அவன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போடுவான். அவள் எங்கள் இருவரையும் சேர்த்து வாருவாள்.

"அண்ணை, இவர் இந்த முறையாவது ஏதும் பிடிப்பாரோ? இல்லாட்டி அம்பு பொறுக்கத்தான் வாறவரோ?"

"உன்ரை மனுசன் விட்ட அம்பில ரெண்டு மரம் காயம்," என்பேன் நான்.

"மரமெண்டாப் பரவாயில்லை. வில்லெண்டபடியாத்தான் விட்டிருக்கிறன் அண்ணை. துவக்கைத் தொட்டாரெண்டு கேள்விப்பட்டனெண்டா விசா வந்தாலும் நான் வரன். அவருக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்த இடத்தில் தம்பி சிரிக்கமாட்டான்.

அந்த ஏப்ரலில் எனக்குப் பெண் டேக் முடிந்துவிட்டது. மாதத் தொடக்கத்திலேயே ஒரு பெண்மானைச் சுட்டு அதற்குப் போட்டுவிட்டேன். ஆண் டேக் மட்டும் மிச்சம். கண்ணில் வெண்புரை விழுந்திருக்கிறது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். கண் மங்கலான ஒரு கிழவன் துவக்கோடு காட்டுக்குள் போகிறான் என்றால் ஊரில் கட்டிவைத்து அடிப்பார்கள். நான் போனேன். மேகம் மூடிய பின்னேரம். புதருக்குள் ஏதோ அசைந்தது. கழுத்துத் தெரிந்தது. கழுத்துக்கு மேல் கொம்பு தெரிந்தது. தெரிந்தது என்றுதான் நினைத்தேன். சுட்டேன்.

சத்தம் கேட்டுத் தம்பி வில்லோடு ஓடி வந்தான். நான் மானுக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, கொம்பு எங்கை?"

"விழுந்திருக்கும்."

"கொம்பு விழுந்ததெண்டே வைப்பம். இந்த மடி எங்கையிருந்து வந்தது?"

எனக்குக் கொம்பாகத் தெரிந்தது, பின்னால் காய்ந்து நின்ற ஒரு கிளை.

அப்போது செய்யக்கூடிய சரியான காரியம் ஒன்றே ஒன்று. நிலையத்துக்குப் போய், பிழையாகச் சுட்டுவிட்டேன் என்று சொல்வது. அபராதம் வந்திருக்கும். லைசன்ஸ் போயிருக்கலாம். மூன்று துவக்குகளையும் கொடுக்க வேண்டி வந்திருக்கலாம். இவை எல்லாம் ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடின. அதற்கு அடுத்த நிமிடத்தில் தம்பியின் முதுகுப் பையில் சும்மா கிடந்த டேக் ஞாபகம் வந்தது.

"உன்ரை பெண் டேக்கைக் குடு," என்றேன்.

"அது என்ரை பேரிலையல்லோ இருக்கு அண்ணை."

"இருந்தா என்ன? நீ இந்த சீசன் ஒண்டும் சுடப்போறதில்லை. சங்கக்கடையில மற்றவன்ரை கூப்பன் மட்டையில சீனி வாங்காத சனமோ நாங்கள்?"

இந்த வசனத்தைச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் சனம் அப்படித்தான் பிழைத்தது. ஒருவரின் பங்கீட்டு மட்டைக்கு இன்னொருவர் மண்ணெண்ணெய் வாங்கினார்கள். ஒருவரின் பாஸில் இன்னொருவர் சோதனைச்சாவடி தாண்டினார்கள். கேட்டால் கொடுப்பதுதான் மனிதத்தனம். கொடுக்காதவனை ஊர் மதிக்காது. அது அங்கே நியாயம். எங்களைப் பட்டினி போட்டவர்களை ஏமாற்றினோம். இங்கே என்னை யார் பட்டினி போட்டது? என் ஃப்ரிட்ஜ் நிறைய இறைச்சி இருந்தது. மேலும், தடை உச்சமாக இருந்த காலத்தில் நான் ஊரிலேயே இல்லை. மெல்பேர்னில் ஒரு பாலத்துக்கு அடியில் நின்று வெடிப்பு அளந்துகொண்டிருந்தேன். கூப்பன் மட்டைக்காக வரிசையில் நின்றவன் அவன். அவனுடைய பட்டினியை எடுத்து அவனிடமே விற்றேன்.

அவன் டேக்கை எடுத்துக் கொடுத்தான். நானே பூட்டினேன். காருக்குத் திரும்பும் வழியில் சொல்லியும் கொடுத்தேன்: "கேட்டா உன்ரை மான் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் கதைக்காதை."

"ஓம் அண்ணை."

நிலையம் என்பது ஒரு பெட்ரோல் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகை. தராசில் கொக்கி மாட்டி மானைத் தூக்கினார்கள். அன்று அங்கே வேட்டை அதிகாரி ஒருவரும் நின்றார். நடுவயது, அமைதியான ஆள். டேக் எண்ணைப் பார்த்தார், தம்பியின் லைசன்ஸைப் பார்த்தார், அவன் தோளில் கிடந்த வில்லைப் பார்த்தார். பிறகு மானின் தோள்பட்டையில் இருந்த துளையில் விரலை வைத்தார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் அது என் புத்தியில் படவேயில்லை. துளையைப் பார்த்து அது எதனால் வந்தது என்று சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தந்திருக்கிறார்கள். வில் வேட்டைக்காரனின் டேக்கைப் பூட்டிய மானில் துவக்குச் சன்னம் போன ஓட்டை. அதை நாங்களே தூக்கிக்கொண்டு போய்த் தராசில் தொங்கவிட்டிருந்தோம்.

"இதைச் சுட்டது யார்?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்தது அவனுக்கு நினைவிருந்தது. "நான். என் மான்," என்றான்.

"எதால்?"

அவன் மறுபடியும் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன். "ரைபிள்," என்றான்.

லைசன்ஸ் இல்லாமல் துவக்குப் பிடிப்பது இந்த நாட்டில் டேக் மாற்றுவதைப் போன்ற விசயம் அல்ல. அதிகாரியின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "காரில் இருக்கும் ரைபிள் உங்களுடையதா?"

"ஆம்."

"அவருக்கு நீங்கள் கொடுத்தீர்களா?"

"இல்லை. நான் அவனுக்குத் துவக்குக் கொடுக்கவில்லை," என்றேன்.

ஒரு சொல்லும் பொய் இல்லை. நான் கொடுக்கவில்லைதான். அதனாலேயே அது நான் என் ஆயுளில் சொன்ன ஆகக் கேவலமான வாக்கியம். அவன் என்னைக் கேட்காமல் காரிலிருந்து துவக்கை எடுத்துச் சுட்டான் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. படித்தவன் பொய் சொல்லும் விதம் அதுதான். தன் கையில் அழுக்குப் படாமல், உண்மையை ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பான்.

காரில் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கிட்டே, டண்டினோங் நெருங்கும்போது அவன் கேட்டான்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் பொய் சொல்லேல்லையே."

அறை வாசலில் வில்லை எடுத்துக்கொண்டு இறங்கினான். எந்த நாளும் 'போட்டு வாறன் அண்ணை' என்பான். அன்று கதவைச் சாத்தினான். பலமாகக்கூட இல்லை. பலமாகச் சாத்தியிருக்கலாம்.

நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அவனுக்கு அழைப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்நாட்டு வக்கீலிடம் அவனை அனுப்பினேன். வக்கீலுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஃபைனோட முடிஞ்சிடும். பையன் ஒத்துக்கிட்டான், அதுவே பெரிய விஷயம்," என்றார் என்னிடம். எனக்கு ஆறுதலாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், எனக்கு.

செய்தி எங்கள் சனத்திடையே வேகமாகப் பரவியது. சிட்னி பென்டில் ஹில்லில் பலசரக்குக் கடையில் அவனுடைய மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா காதில் விழுந்தது. அங்கிருந்து அன்றைக்கே வவுனியா போனது. அவள் அவனைத் தொலைபேசியில் கேட்டாள். நான் தொடவில்லை என்று அவன் சொன்னான். அப்படியென்றால் செய்யாததை ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாள். ஓர் அண்ணைக்காக என்றால் யார் நம்புவார்கள்? அதோடு அவள் அவனுடைய அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

இது எனக்கு எப்படித் தெரியுமென்றால், அவனே வந்து சொன்னான். ஒரு சனிக்கிழமை மத்தியானம். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை. கராஜ் வாசலிலேயே நின்றான்.

"அண்ணை, கோட்டிலை ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன். அவவுக்கு மட்டும் ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவா."

"பாப்பம்," என்றேன்.

அவன் என்னிடம் கேட்டது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் எடுக்கவில்லை. அவளுக்குச் சொன்னால் அது பென்டில் ஹில்லுக்குத் திரும்பி வரும். அங்கிருந்து என் பிள்ளைகளுக்கு, சம்பந்திகளுக்குப் போகும் என்று கணக்குப் பார்த்தேன். நாளைக்கு எடுப்போம் என்பேன். நாளைக்குக் கோவில் இருக்கும், கண் டாக்டர் இருப்பார். வாரங்கள் அப்படியே மாதங்களாயின. கொட்டகையில் நான் பயந்தேன்; பயத்தில் மனிதன் எதையும் சொல்வான். ஆனால் கராஜ் வாசலில் என்ன பயம்? அங்கே சோம்பலும் மானமும்தான். என் மானம், அவனுடைய மனைவியைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் என் மனைவிதான் உடைத்தாள். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மருந்து விட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் பிள்ளை இந்தப் பக்கமே வாறேல்லை. அவனை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் மருந்துக் குப்பியை மூடிவிட்டு, "இப்பவே எடுங்கோ," என்றாள்.

எடுத்தேன். வவுனியாவில் விடிந்து சற்று நேரம். என் எண்ணைப் பார்த்து உடனே எடுத்தாள். முழுவதும் சொன்னேன். கொம்பு, கிளை, டேக், கொட்டகை எல்லாம்.

"அவர் உங்களிட்டை வந்து கேட்டவரோ, எனக்குச் சொல்லச் சொல்லி?" என்றாள்.

"ஓம்."

"எப்ப?"

சொன்னேன்.

"அண்டைக்கே ஏன் எடுக்கேல்லை?"

"வெக்கமாக் கிடந்தது பிள்ளை."

"வெக்கமோ. அவர் கோட்டுக் கடுதாசியோடை வேலைத்தலத்தில லீவு கேட்டு நிண்டவர். அவருக்கு வெக்கமில்லையோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் என்ரை மனுசனை ஏசினனான் அண்ணை. நாலு மாசமாக் கதைக்கேல்லை. நீங்கள் இப்ப எனக்குச் சொல்லிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திடுவியள். எனக்கு ஏன் சொல்லுறியள்? ஆருக்குப் பொய் சொன்னனீங்களோ அவைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இருந்த இளம் பெண் என்னைப் பார்த்து, ஏதும் களவு போய்விட்டதா என்று கனிவாகக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னதும் அந்தக் கனிவு போய்விட்டது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. வக்கீல் என்னைத் திட்டினார். "முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரத்துல முடிச்சிருப்பேன் சார். எங்கிட்டயே மறைச்சா நான் என்ன பண்றது?" என்றார். நியாயம்தான். துவக்குகளையும் லைசன்ஸையும் கொடுத்தேன். தம்பிமீது இருந்த துவக்கு வழக்கைக் கைவிட்டார்கள். டேக் கொடுத்ததற்கும் பொய் சொன்னதற்கும் அவனை எச்சரித்து விட்டார்கள், குற்றமாகப் பதியவில்லை. எனக்கு அபராதம்.

வழக்கு முடிந்து வெளியே வந்ததும், காரில் ஏறச் சொன்னேன்.

"ட்ரெயின் இருக்கு," என்றான்.

"தம்பி, நான் செய்தது..."

"தெரியும் அண்ணை. விடுங்கோ," என்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு அழவாவது எனக்கு இடம் கிடைத்திருக்கும். இப்போது அவள் அவனுடைய அழைப்பை எடுக்கிறாளாம். விசா வந்ததும் வருவாளாம். இதை என் மனைவி கோவிலில் கேட்டு வந்து சொன்னாள். அவன் சொல்லவில்லை. அவர்கள் பேசாமல் இருந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

என்னால் தாங்க முடியாதது இதற்குப் பிறகு நடந்தது. எங்கள் ஆட்கள் என்னைப் பாராட்டத் தொடங்கினார்கள். போன மாதம் டண்டினோங்கில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் என் வயதுக்காரர்கள் வட்டமாக இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் எழுந்து கையைப் பிடித்தார்.

"இந்த வயசிலையும் பொலிசுக்குப் போய் உண்மையைச் சொன்னியளே. உங்களை மாதிரி ஆக்கள் இப்ப எங்கை?"

"பெரிய மனசு வேணும்," என்றார் இன்னொருவர்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அவர்கள். மூன்றாமவர், வாயில் கட்லெட்டோடு சொன்னார்: "எண்டாலும் அந்தப் பொடியனும் கவனமா இருந்திருக்க வேணும். வந்த நாட்டில சட்டம் தெரியாமல் என்ன வேட்டை?"

"சட்டம் தெரிஞ்சவன் நான்தான்," என்றேன். "பொய் சொல்லச் சொன்னதும் நான். அவனுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. உங்களிலை ஒருத்தராவது அவன்ரை அறைக் கதவைத் தட்டினனீங்களே? என்ரை கையைப் பிடிக்கிறியள்."

மண்டபத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் கையைப் பிடித்தவர் கையை விட்டுவிட்டு ஒரு கதிரையை இழுத்தார்.

"சரி சரி, இருங்கோ அண்ணை. பிரஷர் ஏறப்போகுது. தம்பிமார், அண்ணைக்கு ஒரு சோடா கொண்டாங்கோ."

சோடா வந்தது. நான் கதிரையில் இருந்தேன். அவர்கள் வீட்டு விலை பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அதற்கும் நான் தலையாட்டினேன்.